பிரவுன் பெல்ட் மாஸ்டர்

கராத்தே கற்றுக்கொண்டதில் எனக்கு முதலில் சேதமானது கையும் இல்லை, காலும் இல்லை, ஒரு அலுமினியக் குண்டான். எங்கள் வகுப்பில் ஒவ்வொரு படி ஏறும்போதும் புது பெல்ட் வாங்குகிற வழக்கம் கிடையாது. சேரும்போது ஒரு வெள்ளைப் பட்டை கொடுப்பார்கள். அதையே மஞ்சளாக்கி, ஆரஞ்சாக்கி, பச்சையாக்கி, நீலமாக்கி, கடைசியில் பிரவுனாக்கிக்கொள்ள வேண்டும். தாம்பரம் மார்க்கெட்டில் சாயப் பொட்டலம் கிடைக்கும். வெந்நீரில் ஒரு கை உப்பைப் போட்டு, சாயத்தைக் கரைத்து, பெல்ட்டை ஊறவைத்தால் போதும். மற்ற நிறங்கள் எப்படியோ ஏறிவிடும். ஆரஞ்சின் மேல் பச்சை மட்டும் ஏறவே ஏறாது, எருமை கட்டிய கயிறு மாதிரி ஒரு நிறத்தில் வந்து நிற்கும். அதைப் பச்சை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வதுதான் எங்கள் வகுப்பின் மரியாதை. என் கணவர் குண்டானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் ரசம் வைத்துச் சாப்பிட்டால் தானும் ஒரு படி ஏறிவிடலாமா என்று கேட்டார்.

எண்பதுகளின் பின்பாதி அது. மாடம்பாக்கத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது எங்கள் தெருவில் வீடுகளை விட மனைக்கற்கள்தான் அதிகம். வயல்களை அளந்து கல் நட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் நகரத்தில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மாலையில் தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, அந்தக் காலி மனைகளுக்கு நடுவே நடந்து வீட்டுக்கு வர வேண்டும். அப்படி வந்த ஒரு மாலையில் ஒருவன் என் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். சங்கிலி போனது கூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் அந்த வழியில் கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டே நடக்கிற பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தை நான் வெறுத்தேன்.

கராத்தே வகுப்பில் சேர்ந்தது நான் இல்லை, என் மகள். பக்கத்தில் ரைஸ்மில் களத்தில் காலையில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளைக் கொண்டுபோய் விட்டேன். நெல் காயப்போடுகிற சிமெண்ட் களம். ஓரத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்து மாஸ்டர், சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சும்மா நின்றால் என்ன என்று கேட்டார். நின்றேன். நின்ற கையோடு கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். மகள் மஞ்சள் பெல்ட்டோடு போதும் என்று தூங்கப் போய்விட்டாள். நான் சுடிதாரும் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிய கோலமுமாக அங்கேயே நின்றுவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று வீட்டில் சொன்னார்கள். ஓணான் எனக்குப் பிடித்திருந்தது.

மாஸ்டர் என்றால் தாடி நரைத்த பெரியவரை நினைத்துக்கொள்ளக் கூடாது. என்னை விட ஐந்தாறு வயது இளையவர். மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் தாம்பரத்தில் இறக்கிவிட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராகக் களத்துக்கு வந்துவிடுவார். நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும், கண்ணில் தூக்கம் இருக்காது. தெருவில் பார்த்தால் அவர் எனக்குத் தம்பி, நான் அவருக்கு அக்கா. களத்தில் அவர் மாஸ்டர், நான் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். இந்த மாற்றம் எங்கள் இருவருக்கும் சுலபமாக வந்தது. என் கணவருக்குத்தான் கடைசி வரை சிரிப்பாக இருந்தது.

அவருடைய இடுப்பில் இருந்தது பிரவுன் பெல்ட். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டதால் பிளாக் பெல்ட் டெஸ்ட்டுக்கு அவர் போகவே இல்லை. அதை அவர் மறைத்ததும் இல்லை. எங்கள் வகுப்பு நகரத்தில் இருந்த ஒரு பெரிய கராத்தே பள்ளியோடு சேர்ந்தது. நீலம் வரைக்கும் அவரே டெஸ்ட் வைக்கலாம், அதற்கு மேல் நகரத்துக்குப் போக வேண்டும்.

அவர் சொல்லிக்கொடுக்கிற விதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டா என்று ஒன்று உண்டு. எதிரே ஆள் இல்லாமலே தடுப்பது, அடிப்பது, திரும்புவது எல்லாவற்றையும் ஒரு வரிசைப்படி செய்துகொண்டு போக வேண்டும். தெரியாதவர்கள் பார்த்தால் காற்றோடு என்ன தகராறு என்று கேட்பார்கள். மற்ற மாஸ்டர்கள் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று செய்வார்கள், பிள்ளைகள் பின்னாலிருந்து பார்த்துச் செய்யும். இவர் எங்களைப் பார்த்து நிற்பார். நாங்கள் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் அவர் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே "இடது" என்பார். எங்கள் வலக்கை உயர வேண்டுமானால் அவருடைய இடக்கை உயரும். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று தலை வாருகிற மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டே செய்துவிடலாம். இடது வலது தெரியாத சின்னப் பிள்ளைகள் கூடத் தப்பு செய்யாது. ஏன் இப்படித் தலைகீழாகச் செய்து கஷ்டப்படுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். முதுகைக் காட்டினால் யார் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியாதே என்றார்.

முதல் வருடம் எங்கள் வகுப்பில் பெல்ட்டே கிடையாது. பிறகுதான் கொண்டுவந்தார். மகள் மஞ்சளோடு நின்றுவிட்டதும் ஒருநாள் தெருவில் அவரை நிறுத்தி நான் எதிர்த்தேன். கற்றுக்கொள்வது உடம்புக்கும் மனசுக்கும், நிறம் நிறமாகப் பட்டை கட்டிக்கொள்ள நாம் என்ன பொம்மையா, நாய்க்குட்டியா என்று கேட்டேன். பிள்ளைகள் பட்டைக்காகத்தான் வரும், பட்டை கிடைத்ததும் போய்விடும், என் மகளைப் பாருங்கள் என்றேன். சண்டை என்று வந்தால் நான் நிறுத்துகிற ஜாதி இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது எனக்கு இன்றும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"இந்த ஊர்ல யாரு யாருக்குக் கும்புடு போடணும்னு பொறக்கும்போதே முடிவாயிகீதுக்கா. இங்கயாவது அவனவன் சம்பாரிச்சதுக்கு மட்டும் கும்புடு போடட்டுமே."

வீட்டுக்குப் போய்க் குண்டானை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

சட்டம் எளிமையானது. பெல்ட் வரிசைப்படிதான் நிற்க வேண்டும். வகுப்பு தொடங்கும்போது கீழே இருக்கிறவர் மேலே இருக்கிறவருக்கு முதலில் குனிய வேண்டும், அப்புறம் அவர் திருப்பிக் குனிவார். இரண்டு பேருக்கும் ஒரே பெல்ட் என்றால் யார் முதலில் கட்டினாரோ அவர்தான் மூத்தவர். வயது, படிப்பு, ஆண், பெண், எந்தத் தெரு என்பதெல்லாம் செருப்போடு சேர்த்து வெளியே. வணக்கம் பெல்ட்டுக்கு, ஆளுக்கு இல்லை என்று தினமும் சொல்வார். திருப்பதி லட்டு மாதிரி அந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகள் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்குப் போனதுதான் வினை. எங்கள் தெருமுனையில் துணி தேய்க்கிறவரின் மகள் வகுப்பில் இருந்தாள். சூட்டிகையான பெண். அவள் பச்சைக்குப் போனபோது ரைஸ்மில் முதலாளியின் மகன் ஆரஞ்சிலேயே இருந்தான். ஆகவே தினமும் காலையில் அவன் அவளுக்குக் குனிந்தான். அவனுக்கு அதில் ஒன்றும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து மாங்காய் தின்பார்கள். வருத்தம் அவன் அப்பாவுக்கு வந்தது. பரம்பரையாக அந்த ஊர் நிலமெல்லாம் அவர்கள் குடும்பத்துடையது. அவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஆம்பளைப் பசங்களுக்கு ஒரு வரிசை, பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றார். மாஸ்டர் முடியாது என்றார். ஒரு ஆளுக்காகச் சட்டத்தை மாற்றினால் மற்றவர்கள் குனிந்ததெல்லாம் பொய்யாகிவிடும் என்றார். மறுநாள் களத்தின் கேட்டில் பூட்டு தொங்கியது, பையனும் வகுப்புக்கு வருவது நின்றது.

அதற்கப்புறம் கோயிலுக்குப் பின்னால் விற்காமல் கிடந்த காலி மனைகளில் வகுப்பு நடந்தது. முள்ளைச் செதுக்கி, கல்லைப் பொறுக்கி நாங்களே இடம் பண்ணினோம். மனைக்கல்லில் கால் இடறி நகம் பெயராதவர் எங்களில் யாருமில்லை. ஒரு வணக்கத்துக்காகச் சிமெண்ட் களத்தை விட்டுவிட்டு வந்தோமே என்று நகம் பெயரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். கோபம் ஆறியதும் பெருமையாகவும் இருக்கும்.

நான் பிரவுன் வாங்கினேன். மகள் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பழக்கம் எப்போது விட்டது என்று தெரியவில்லை, ஒருநாள் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கவனித்தேன். பிளாக் பெல்ட் டெஸ்ட்டுக்கு நகரத்திலிருந்து கூப்பிட்டபோது, நீங்கள் வராமல் நான் போக மாட்டேன் என்று மாஸ்டரிடம் சொன்னேன். ஷிப்ட், லீவு என்று இழுத்துக்கொண்டே வந்தவர் கடைசியில் தன் பெயரையும் டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். டெஸ்ட்டுக்கான புது கட்டாவை ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து, மறுநாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வழக்கம்போல என்னைப் பார்த்து நின்றுதான். தனக்கென்று தனியாகப் பயிற்சி செய்ய அவருக்கு நேரம் ஏது? எங்களுக்குச் சொல்லித்தருவதே அவருக்குப் பயிற்சி. அதில் என்ன தப்பு வரும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

டெஸ்ட் மாம்பலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் மணவறை ஜோடனை பாதி பிரித்தபடி கிடந்தது. கீழே நாற்காலியில் பரிசோதகர் உட்கார்ந்திருந்தார். இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். எங்கள் இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். எனக்கு இடப்பக்கம் அவர் நின்றார். ஒரே பக்கம் பார்த்து, தோளுக்குத் தோளாக நாங்கள் நின்றது அதுதான் முதல் தடவை. அதையும் நான் அப்போது யோசிக்கவில்லை.

முதல் அசைவு இடப்பக்கம் திரும்பித் தடுப்பது. கட்டளை வந்தது. நான் இடப்பக்கம் திரும்பினேன். அவர் வலப்பக்கம் திரும்பினார்.

நேருக்கு நேர் நின்றோம். தினமும் காலையில் நிற்கிற மாதிரியே, அவர் என்னைப் பார்த்து, நான் அவரைப் பார்த்து. ஒரு கணம் அது எனக்குச் சரியாகவே பட்டது, அதுதான் கொடுமை. பிறகு அவருடைய முகம் வெளிறிப்போனது தெரிந்தது. உடனே திருத்திக்கொண்டு திரும்பினார். ஆனால் பழகிய உடம்பு கேட்குமா? நடுவில் இன்னொரு திருப்பத்தில் மறுபடியும் எதிர்ப்பக்கம் போனார். நான் கண்ணில் நீரோடு மிச்சத்தைச் செய்து முடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அந்தக் கட்டாவை அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தபடி.

முடிவை அங்கேயே சொல்லிவிட்டார்கள். எனக்குக் கறுப்புப் பட்டையைக் கட்டிவிட்ட பரிசோதகர், யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றவரைக் காட்டினேன். காட்டியதோடு நிற்காமல், எங்களுக்காக எல்லாவற்றையும் எதிர்ப்பக்கமாகச் செய்து செய்துதான் அவருக்கு இப்படி ஆனது, அதற்கு நீங்கள் மார்க் போட மாட்டீர்களா என்றும் கேட்டுவிட்டேன். பரிசோதகர் கோபப்படவில்லை.

"அவர் நல்லா சொல்லித்தர்றார்னு உன்னைப் பார்த்தாலே தெரியுதும்மா. ஆனா இந்தப் பெல்ட் சொல்லித்தர்றதுக்கு இல்ல, செய்யறதுக்கு" என்றார்.

ரயிலில் ஏறியதும் பெல்ட்டைக் கழற்றிப் பையில் திணித்தேன். பையை வழக்கம்போல அவர்தான் வைத்திருந்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன், அந்தப் பழமொழி மேலேயே எரிச்சலாக வந்தது. கிண்டி, பரங்கிமலை, மீனம்பாக்கம் எல்லாம் போயின. பல்லாவரம் தாண்டியதும் அவர்தான் பேசினார்.

"அக்கா, நாளைக்குக் காலைல நீங்கதான் முன்னாடி நிக்கணும்."

பேசாமல் வா தம்பி என்றேன். இந்தப் பெல்ட்டை நான் வீட்டில் பீரோவில் வைத்துவிடப் போகிறேன், பழைய பிரவுனையே கட்டிக்கொண்டு வருகிறேன், யார் கேட்கப் போகிறார்கள் என்றேன்.

"நீங்க வூட்ல வச்சிட்டு வந்தீங்கன்னா மில்லுக்காரரு சொன்னது ரைட்டுன்னு ஆயிடும்க்கா. நம்ம ஆளுன்னா சட்டத்த மாத்திக்கலாம்னு ஆயிடும். அந்தப் பொண்ணுக்கு அவரு பையன் குனிஞ்சதெல்லாம் அப்புறம் இன்னாத்துக்கு?"

அடுத்த முறை பாஸ் செய்துவிட்டால் மறுபடியும் முன்னால் வந்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். ஒரே பெல்ட் என்றால் முதலில் கட்டியவர்தான் மூத்தவர். அவர் போட்ட சட்டம்தான். பாஸ் செய்தாலும் செய்யாவிட்டாலும் இனி அந்த வகுப்பில் அவர் எனக்குப் பின்னால்தான். அது அவருக்கு மண்டபத்திலேயே தெரிந்திருக்கிறது. எனக்குக் குரோம்பேட்டை வந்த பிறகுதான் உறைத்தது. தாம்பரம் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்களோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த, வகுப்புப் பையன் ஒருவனின் தகப்பனார் எங்களுக்கு முந்தின ரயிலைப் பிடித்திருந்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. மறுநாள் காலையில் காலி மனைக்கு நான் போனபோது பிள்ளைகளை விடப் பெற்றோர்கள் அதிகமாக நின்றார்கள். ரைஸ்மில் முதலாளியும் ஸ்கூட்டரில் மகனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்திருந்தார். பூட்டுப் போட்ட நாளுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வந்தது அன்றுதான்.

"இன்னா மாஸ்டர், இன்னிக்கு யாரு யாருக்கு வணக்கம்?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

மாஸ்டர் தன் வழக்கமான இடத்தை விட்டு நடந்து வந்து வரிசையில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் தேய்க்கிறவரின் மகள் நீல பெல்ட்டோடு நின்றாள். முன்னால் காலியாகக் கிடந்த இடத்துக்கு நான் போக வேண்டும். அது சில அடி தூரம்தான் இருக்கும். அந்தத் தூரத்தை நடந்ததை விட நான் செய்த கஷ்டமான காரியம் வேறு இல்லை. போய்த் திரும்பி நின்றேன். அவர் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே, இடுப்பிலிருந்து முழுசாகக் குனிந்தார். ஒரு விரல்கடை கூடக் குறைக்கவில்லை. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் திருப்பிக் குனிந்தேன். நிமிர மனசு வரவில்லை, தரையில் நெருஞ்சியைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தேன். என் வகுப்பில் என்னை யாரும் அதுவரை அழவைத்ததில்லை.

மில் முதலாளி மனம் மாறி மகனை விட்டுவிட்டுப் போனார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பையன் மட்டும் திருப்பம் வரைக்கும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அந்த வாரம் இரண்டு மூன்று பெற்றோர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். இனி நீங்களே தனியாக வகுப்பு வைத்துக்கொள்ளுங்கள், தோற்றவரிடம் எதற்குப் பிள்ளைகளை விட வேண்டும் என்றார்கள். காபி கொடுத்தேன். குடித்து முடித்ததும், உங்கள் பிள்ளைகளைத் தாராளமாக நிறுத்திக்கொள்ளுங்கள், ஆனால் அவர் இருக்கிற இடத்தில்தான் நானும் இருப்பேன் என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போல. கணவர் உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்தார். சிலர் பிள்ளைகளை நிறுத்தினார்கள்.

அடுத்த டெஸ்ட் வரைக்கும் நான் முன்னால் நின்று நடத்துவது, அவர் பின்னால் நின்று கட்டாவைச் சரியான பக்கத்தில் மறுபடியும் உடம்பில் ஏற்றிக்கொள்வது என்று முடிவு செய்தோம். முதுகைக் காட்டித்தான் நின்றேன். அவருக்காகத்தான் அப்படி நின்றேன். அவரும் கஷ்டப்பட்டார். பின்னால் அவருடைய கால் தப்பான பக்கம் போய்த் திரும்பி வருகிற சத்தம் மண்ணில் கேட்கும். வாரம் செல்லச் செல்ல அந்தச் சத்தம் குறைந்தது. இந்த முறை நிச்சயம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. எதற்கும் சாமியிடம் போய் நிற்காதவள், கோயிலைத் தாண்டும்போது நின்று கும்பிட்டுவிட்டுப் போனேன்.

பிள்ளைகள்தான் கெட்டுப்போனார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். புதிதாகச் சேர்ந்த வெள்ளை பெல்ட்டுகள் கடைசி வரிசையில் என் முதுகும் தெரியாமல், இடது வலதும் தெரியாமல் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்காக நான் திரும்பி நின்று எதிர்ப்பக்கமாகச் செய்து பார்த்தேன். இரண்டு அசைவுக்கு மேல் வரவில்லை, கையும் காலும் பின்னிக்கொண்டன. பிளாக் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் முன்னால் நடு மனையில் முழித்தேன். அவர் இத்தனை வருடம் சுலபமாகச் செய்துகொண்டிருந்தது எவ்வளவு பெரிய வித்தை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்த வித்தைக்கு என்று ஒரு நிறம் எங்கள் குண்டானில் இல்லை.

கடைசி வரிசையில் பல் விழுந்த ஒரு சின்னப் பெண் இருந்தாள். தினமும் தப்பான பக்கம் திரும்பிப் பக்கத்துப் பையனை முட்டுவாள், அவன் சிரிப்பான். ஒருநாள் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, எனக்கு வராது என்றாள். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். மறுநாள் அவள் வந்தாள், ஆனால் வரிசையில் சேராமல் வெளியே மனைக்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

பெல்ட் வேண்டுமா, வேண்டாமா என்று பிற்பாடு என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். தொண்ணூறுகளில் தாம்பரம் பக்கம் தெருவுக்கு ஒரு கராத்தே வகுப்பு வந்துவிட்டது. பெல்ட்டுகளும் காசு கொடுத்தால் கிடைக்கிற தீபாவளிப் பட்டாசு மாதிரி ஆகிவிட்டன. அதைப் பார்க்கிறவர்கள் என்னிடம் வந்து, இதெல்லாம் வெறும் பட்டைதானே என்பார்கள். நான் வேண்டும் என்றுதான் சொல்வேன். தேய்க்கிறவரின் மகள் நிமிர்ந்து நின்று ஒரு வணக்கத்தை வாங்கிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொல்லும்போதே மாஸ்டருடைய பெல்ட்டும் ஞாபகம் வரும். காலி மனைகளெல்லாம் வீடுகளாகி, வகுப்பு ஒரு பள்ளிக்கூட வராந்தாவுக்கு மாறிய பிறகும் அவர் அதே பிரவுன் பெல்ட்டோடுதான் இருந்தார். துவைத்துத் துவைத்து அது டீ நிறத்துக்கு வந்துவிட்டது. இது என்ன கலர் மாஸ்டர், எங்கள் வரிசையில் இந்தக் கலரே இல்லையே என்று ஒரு பையன் கேட்டதை நான் கேட்டேன். அவர் சிரித்தார். பிளாக் பெல்ட் கட்டி அவரை நான் பார்க்கவே இல்லை.

அது முடிவான காலையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். டெஸ்ட்டுக்கு அதிக நாள் இல்லை. அந்தச் சின்னப் பெண் மனைக்கல் மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். வணக்கம் முடிந்ததும் அவர் வரிசையை விட்டு என் பக்கத்தில் வந்தார். மேலே இருக்கிறவரிடம் அனுமதி கேட்கிற முறைப்படி இன்னொரு முறை குனிந்தார்.

"அக்கா, கடைசி வரிசைய மட்டும் அந்தப் பக்கம் திருப்பி நிக்க வச்சிக்கட்டுமா? நான் எதிர்ல நின்னு சொல்லிக் குடுக்கறேன்."

வகுப்பில் வைத்து அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. டெஸ்ட் வருகிறதே தம்பி, இத்தனை மாதம் பட்ட பாடெல்லாம் போய்விடும், மறுபடியும் கை மாறிவிடுமே என்றேன். குரலை அடக்கிக்கொண்டுதான் சொன்னேன், கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"தெரியும்க்கா" என்றார்.

நான் தலையசைத்தேன். வேறு என்ன செய்ய? அவர் பின்னால் போய்க் கடைசி வரிசையைத் திருப்பி நிறுத்தினார். மனைக்கல்லில் இருந்த பெண்ணைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவள் செருப்பை உதறிவிட்டு ஓடிப்போய் நின்றாள். நான் முன்வரிசைக்கு முதுகைக் காட்டி நின்று கட்டாவை ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் தூரத்தில் அவருடைய குரல் கேட்டது. "இடது" என்றார். பிள்ளைகளின் கால்கள் எல்லாம் ஒன்றாக ஒரே பக்கம் திரும்புகிற சத்தம் மண்ணில் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வலப்பக்கம்தான் திரும்பியிருப்பார்.